முன்னறைச் சக்களத்தி

மார்ச் 3

முன்னறைக்கு அவருடைய பழைய இத்தாலிக் கார் வந்துவிட்டது. என் தையல் மெஷின் படுக்கையறைக்குப் போய்விட்டது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் காலை மடக்கிக்கொண்டு மிதிக்கிறேன். தெருவைப் பார்த்த அறை, துணி கொடுக்க வருகிறவர்களுக்கு வசதி, உனக்குத்தான் என்று அவரே சொன்ன அறை. இப்போது நிலையைப் பெயர்த்து ஷட்டர் போட்டிருக்கிறார். "வேலை முடிஞ்சதும் எடுத்துடுறேன்" என்கிறார். யார் காதில் பூச்சுற்றுகிறார்?

மார்ச் 17

இத்தாலிக்காரிக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. வெண்ணெய் நிறம். பொய் சொல்வானேன், அழகாகத்தான் இருக்கிறாள், சனியன். உருண்டை விளக்கு இரண்டு, வாயே இல்லாத முகம். எஞ்சின் பின்னால், பெட்ரோல் டேங்க் முன்னால். சாவியைத் திருப்பினால் மட்டும் கிளம்பாது. இருக்கைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கம்பியை இழுக்க வேண்டும். அதை எனக்குக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பு, கல்யாணப் போட்டோவில்கூட இல்லை.

மார்ச் 18

அளவு கொடுக்க வந்தவள் காரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அளவு?

ஏப்ரல் 2

"சீட்டுக்கு உறை தைச்சுக் குடேன். உன் கை மாதிரி வராது." உருகிவிட்டேன். மானங்கெட்ட மனசு. செங்கல் நிற ரெக்சின், ஓரத்தில் வெள்ளை பைப்பிங். வளைவில் சுருக்கம் விழாமல் வர, பிரித்துப் பிரித்துத் தைத்தேன். விரலில் ஊசி ஏறியது.

ஏப்ரல் 26

பழைய கார் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். தலைவர் இருக்கையைத் தடவிப் பார்த்து, "யாருங்க தைச்சது?" என்றார். நான் காபித் தட்டோடு பக்கத்திலேயே நிற்கிறேன்.

"இத்தாலியிலேர்ந்து வரவழைச்சேன்."

அவர்கள் போனதும் கேட்டேன். "வீட்டுல தைச்சதுன்னா மதிப்பு போயிடும். உனக்குப் புரியாது." எனக்கா? எனக்கா புரியாது?

ஏப்ரல் 27

அவர் சட்டையில் பொத்தான் அறுந்திருந்தது. தைத்துக் கொடுக்கவில்லை.

மே 10

இன்று கார் கண்காட்சி. ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே நின்றார். இருக்கைகளில் ஸ்பிரிங்கும் சாக்கும்தான். நேற்று அவர் முடிவெட்டப் போன நேரத்தில் உறைகளைக் கழற்றிவிட்டேன். கிழிக்கவில்லை. என் வேலையை நானே எப்படிக் கிழிப்பேன்?

"என்ன பண்ணியிருக்கே நீ?"

"இத்தாலிக்கே திருப்பி அனுப்பிட்டேன்."

குளிக்கிற துண்டை விரித்து, அதன்மேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனார்.

மே 11

காலையில் சங்கத் தலைவர் தன் காரோடு வாசலில். அதே இத்தாலி ரகம், வேறு நிறம். நேற்று எல்லார் முன்னாலும் உறை எங்கே என்று தலைவர் கேட்டிருக்கிறார். "வீட்டுக்காரி தைச்சது. கோவத்துல கழட்டிட்டா" என்று என் வீட்டுக்காரர் வாயாலேயே வந்துவிட்டதாம்.

"எனக்கும் தைச்சுத் தரணும்மா."

"தைக்கலாங்க. உங்க வண்டி உள்ள வரணும்னா எங்க வண்டி வெளிய போகணும்."

வீட்டுக்காரர் பக்கம் திரும்பாமல்தான் சொன்னேன். அவர் காதில் விழுந்தது.

ஜூன் 14

முன்னறையில் மெஷினுக்கு நல்ல வெளிச்சம். தலைவர் வண்டி முடிந்து அடுத்தது வந்திருக்கிறது. சக்களத்தி தெருவோரம், தார்ப்பாய்க்குள்.

மதியம் அவர் வந்து எதிரில் நின்றார். "நம்ம வண்டிக்கு எப்போ?"

"வரிசையில வாங்க."

"அந்தப் பழைய உறை இருந்தா அதையாவது..."

"அதான் அனுப்பிட்டேன்னு சொன்னேனே."

தார்ப்பாயை இழுத்துக் கட்டப் போனார். ஒரு திருகாணி நிறம் மாறியிருந்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷன். நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலின் செங்கல் நிற மெத்தையை, அதன் வெள்ளை பைப்பிங்கை, பார்க்கவே இல்லை.