பத்து லட்சத்து ஒன்பது

ஜூன் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்க மனசில்லை. வயிறு எரிகிறது.

சின்ன வயசில் நாம் வகுத்த எண் நினைவிருக்கிறதா? 1000009. அது பகா எண்தானா என்று தெரிய, ஆயிரத்துக்குள் இருக்கும் 168 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆளுக்கு எண்பத்துநாலு. சின்னதெல்லாம் உனக்கு, பெரிசெல்லாம் எனக்கு. நான் விரல் வீங்க வகுத்தேன். நீ ஒரே நாளில் வந்து, "எல்லாம் போட்டுட்டேன்க்கா, எல்லாத்துலயும் மீதி வருது" என்றாய்.

அதை நம்பி முப்பது வருஷம் கரும்பலகையில் பகா எண் என்று எழுதினேன். போன வாரம் பத்திரிகையிலும் எழுதினேன். ஒரு தையற்கார அம்மா அஞ்சலட்டை போட்டிருக்கிறார்: 293 × 3413. பெருக்கிப் பார், சரியாக வருகிறது! 293 உன் பங்கு. என் மானம் கப்பலேறிவிட்டது.

அம்மாவைச் சேர்க்க உன் ஊரில் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறாயே, "எல்லா ரூமும் பாத்துட்டேன்" என்று போனில் சொன்னாய். படிவம் என் மேஜையில் இருக்கிறது. உண்மையைச் சொல், எத்தனை அறை பார்த்தாய்?

அக்கா

ஜூன் 8

அன்புள்ள அக்கா,

பழைய கணக்குக்கு இவ்வளவு கோபமா? அப்போது எனக்குப் பத்து வயசு. ஐம்பதோடு அலுத்துப்போய்ப் பந்து விளையாடப் போய்விட்டேன், போதுமா?

இல்லத்து மேலாளர் தங்கமான மனிதர். டீ கொடுத்தார். முன்வரிசை அறைகளைக் காட்டினார், மற்றதும் இப்படித்தான் என்றார். உனக்கோ முட்டிவலி, நடக்க முடியாத அம்மாவை எத்தனை நாள் தூக்குவாய்? கையெழுத்துப் போட்டு அனுப்பு.

தம்பி

ஜூன் 13

தம்பிக்கு,

ஐம்பதா! இன்னும் பன்னிரண்டு போட்டிருந்தால் 293 அகப்பட்டிருக்குமே, பாவி! ஐம்பதிலும் மீதி வந்தால் அடுத்ததிலும் வரும் என்று எவன் சொன்னான்? முன்வரிசை மாதிரிதான் பின்வரிசை என்று எவன் சொன்னான்?

படிவத்தை அம்மாவிடம் காட்டினேன். "சின்னவன் பாத்துட்டான்ல, அப்புறம் என்ன, போடு" என்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னைப் போலவே அவளும் உன்னை நம்புகிறாள்.

போய்க் கடைசிக் கதவுவரை திற. அதுவரை எனக்குக் கடிதம் போடாதே.

அக்கா

ஜூன் 24

அக்கா,

சொல்லாமல் கொள்ளாமல் போனேன். மேலாளர் டீ சொன்னார், வேண்டாம் என்றேன். மொத்தம் இருபத்திரண்டு அறை. பதினேழு வரை ஒரு குறையும் இல்லை. உன்மேல் கோபம்கூட வந்தது.

பதினெட்டாவது கதவுக்கு வெளியே தாழ்ப்பாள். "அது ஸ்டோர் ரூம் சார்" என்று கையைப் பிடித்தார். உதறிவிட்டுத் திறந்தேன். ஜன்னல் இல்லை. ஈரப் படுக்கையில் நாலு பேர், நம் அம்மா வயசு. ஒருத்தி, "கதவ சாத்திடாதப்பா" என்றாள். நடக்க முடியாதவர்களையெல்லாம் அங்கேதான் போடுகிறார்களாம்.

அங்கேயே கத்தித் தீர்த்தேன். நேரே போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். 

படிவத்தைக் கிழித்துப் போடு. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன், அம்மா என் வீட்டில் இருக்கட்டும். நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன்: மிச்சம் நாலு அறையையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

தம்பி