பூசையில் வைத்த புரோமின்

இரும்புலியூர்
1.10.2025, மதியம்

அன்புள்ள ஆல்வினுக்கு,

கர்த்தர் கிருபையால் நல்லா இருக்கேன்னு எழுதத்தான் ஆசை, ஆனா முடியலை. அண்டார்டிகாவில் உட்கார்ந்துகிட்டு என்ன சமைச்சேன்னு கேட்டு மெயில் போட்டிருந்தீங்க. இன்னிக்கு நம்ம வீட்டில் அடுப்பே பத்த வைக்கலை. போனில் பேசினா பாதியில் அறுந்துபோகுது, அதனால முழுசா எழுதறேன்.

எங்க கெமிக்கல் குடோனில் இன்னிக்கு ஆயுத பூஜை. நேத்து நான் லீவு. பேக்கிங் பார்க்கிற கனகவல்லி அக்கா அலமாரியெல்லாம் துடைச்சு, பளபளன்னு இருக்கட்டும்னு தட்டு முழுக்கச் சில்வர் பேப்பர் விரிச்சிருக்காங்க. மணல் தொட்டியில் நான் பத்திரமா வெச்சிருந்த புரோமின் பாட்டிலையெல்லாம் எடுத்து அதுமேல அடுக்கிட்டாங்க. ஒவ்வொண்ணுக்கும் சந்தனம், குங்குமம் வேற. “இன்னா ஷீலாம்மா, நல்லா கீதா?”ன்னு ஆசையா கேட்டாங்க.

சில்வர் பேப்பர்னா அலுமினியம். காலேஜில் பார்த்திருக்கேன், ஒரு சொட்டு புரோமின் பட்டா கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், அப்புறம் குப்புனு பத்திக்கும். இங்கே அலமாரி முழுக்க இருக்கு. ஒரு பாட்டிலில் மூடியோரம் பழுப்பா கசிஞ்சிருக்கு.

முதலாளி அரிகிருஷ்ணன் சார்கிட்ட சொன்னேன். பூசையில் வெச்சதை விஜயதசமி காலையில்தான் அசைக்கணும், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாதுன்னுட்டார். எல்லாரும் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாங்க. என்கிட்டயும் ஒரு சாவி இருக்கு. சாயங்காலம் மாஸ்க் போட்டுக்கிட்டுப் போய் எடுத்து வெச்சிடலாமான்னு பார்க்கறேன். சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையா வீடுங்க. பயமா இருக்குங்க. உடனே எழுதுங்க.

உங்க ஷீலா

---

1.10.2025, சாயங்காலம்

ஷீலா கண்ணு,

போகாதே. மீதியை அப்புறம் படி.

இன்னிக்கு இங்கே ஓசோன் அளக்கற பலூன் விட்டோம். பதினாறு கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் அநேகமா இல்லவே இல்லை. அதில் புரோமினுக்கும் பங்கு உண்டு. அது உன் பாட்டிலில் இருக்கற புரோமின் இல்லை. பழைய தீயணைப்பு வாயுவும் பூச்சிக்கு அடிச்ச புகையும் எப்பவோ மேலே ஏறினது. ஒரு புரோமின் அணு ஓசோனை உடைச்சுட்டு, தனக்கு ஒண்ணும் ஆகாம அடுத்ததுகிட்ட போயிடும். குளோரினைவிட அறுபது மடங்கு மோசம். கண்ணாடி போடாம யாரும் வெளியே போகக் கூடாதுன்னு உத்தரவு. வெயில் பட்டு என் உதடெல்லாம் வெந்து கிடக்கு. அவ்வளவு உயரத்தில் இருக்கிற துளிக்கே நான் நடுங்கறேன். நீ அந்த அலமாரி முன்னாடி தனியா நிக்கறதை நினைச்சா சோறு இறங்கலை.

மூடி இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. ஒரு ராத்திரிதானே. ஃபயர் சர்வீஸைக் கூப்பிட்டா பூசையைக் கெடுத்தவள்னு உன்னைத்தான் சொல்வாங்க, வேலையும் போயிடும். யார்கிட்டயும் எதுவும் சொல்லாதே. நாளைக்கு அந்தப் பக்கமே போகாதே. எனக்காக, ஷீலா.

உன் ஆல்வின்

---

1.10.2025

சரிங்க, போகலை. சாவியைப் பீரோவில் வெச்சுப் பூட்டிட்டேன். தலைவலி, நாளைக்கு வர முடியாதுன்னு சார்கிட்ட சொல்லிட்டேன். குடோன் பக்கத்துக் காத்து வருதுன்னு ஜன்னலையும் மூடியாச்சு. நீங்க சாப்பிடுங்க.

ஷீலா

---

இரும்புலியூர்
5.10.2025

ஆல்வினுக்கு,

உங்க மெயில் எல்லாம் வந்தது. எனக்கு ஒண்ணும் ஆகலை.

விஜயதசமி காலையில் கனகவல்லி அக்காதான் முதல் ஆளா வந்து, விளக்கேத்தி, பாட்டிலைத் தூக்கியிருக்காங்க. மூடி கழண்டு சில்வர் பேப்பர் மேலே கொட்டிடுச்சு. நெருப்பும் செம்பழுப்புப் புகையுமா இருந்ததுன்னு ஓடிவந்தவங்க சொன்னாங்க. தெருவையே காலி பண்ணினாங்க. அக்காவுக்கு உயிர் இருக்கு. கண்ணு ரெண்டும் போயிடுச்சு.

நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகம் பூரா கட்டு. என் குரல் கேட்டதும் கையைத் துழாவிப் பிடிச்சுக்கிட்டு, “நீ உள்ள இல்லியே ஷீலாம்மா?”ன்னு கேட்டாங்க. “இல்லைக்கா”ன்னேன். நல்லவேளைன்னு சொல்லிட்டு அப்படியே படுத்துக்கிட்டாங்க.

அவங்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோணவே இல்லை. நாம ரெண்டு பேரும் எனக்காக மட்டும்தான் பயந்தோம். நீங்க பாசத்தில்தான் எழுதினீங்க, தெரியும். ஆனா அந்த மெயிலைத் திரும்பப் படிச்சா எனக்கு அருவருப்பா இருக்கு. அதுக்குச் சரிங்கன்னு பதில் போட்டவளை நினைச்சா இன்னும் அதிகமா இருக்கு.

நடந்ததை எல்லாம் போலீஸ்ல சொல்லிட்டேன். நம்ம மெயிலையும் காட்டிட்டேன்.

நேத்திலேருந்து அக்காவுக்கு மூணு வேளையும் நான்தான் சோறு ஊட்டறேன். கப்பல் வந்ததும் நீங்க பொழிச்சலூர்ல உங்க அம்மா வீட்டுக்கே போயிடுங்க. இங்கே வராதீங்க.

ஷீலா