ஆரத்தித் தட்டில் பட்ட ஒளி

1986, ஆவணி வெள்ளி, இரவு.

அக்கா மகள் சுமதி வேலை பார்க்கும் கல்லூரிக்கு லேசர் எந்திரம் வந்திருக்கிறது. இன்று முதல் ஓட்டம். ஈரேழு உலகத்து போர் போடும் ரிக் லாரிகளுக்கும் ஆரத்தி சுற்றிய கை சும்மா இருக்குமா? பித்தளைத் தட்டில் ஆரத்தி கரைத்துக்கொண்டு போய் இறங்கினேன். ஊசிமுனையில் சாயச் சொட்டைத் தொங்கவிட்டு அதை லேசரால் அடித்துப் பார்ப்பதுதான் சோதனையாம்.

"சாயத்துக்குப் பதிலா இதுலயே ஒரு சொட்டு எடு சாமி," என்று தட்டை நீட்டினேன்.

"மாமா, நீங்க இல்லீன்னா விஞ்ஞானமே நின்னு போயிருமுங்க," என்று சிரித்தபடி அந்தச் சிவப்புத் தண்ணீரையே ஊசிமுனையில் தொங்கவிட்டாள்.

பொட்டு வைப்பதற்காகக் காப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். கழற்றினாள். பூஜை முடிந்துவிட்டதென்று நினைத்த உதவியாளர் விசையை அழுத்திவிட்டார். மேச்சேரிக் கிடா முட்டியதுபோல் சொட்டு பின்னால் எகிறி, தோசையாக விரிந்து, புகையாகிப் போனது. என் தட்டில் பட்டுத் தெறித்த பச்சை ஒளி அவள் இடக்கண்ணில் விழுந்ததை வீட்டுக்கு வரும் வழியில்தான் சொன்னாள்.

"கறுப்பா ஒரு புள்ளி நிக்குதுங்க மாமா. காலைல டாக்டரைப் பாத்துக்கலாம். அம்மாகிட்டச் சொல்லிராதீங்க."

சாப்பிடும்போது தண்ணீர்ச் சொம்புக்குக் கை நீட்டினாள். சொம்புக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தாள். மாமன் சேட்டை இவளுக்கும் தொற்றிக்கொண்டதென்று அக்கா சிரித்தாள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான்.