ஜோடிக்கு ஒரே பந்து

சூலூர்
18.8.2024

அன்புள்ள லட்சுமிக்கு,

என்னோடு கிளப்பில் ஆடும் தனபால் சொன்னபோது நான் நம்பவில்லை. "ஏனுங்ணா, அக்காவ நேத்து குன்னூர்ப் பக்கம் கோல்ஃப் மைதானத்துல பாத்தேனுங்க. தொப்பியெல்லாம் போட்டுட்டு, சும்மா வீசி அடிச்சுட்டு இருந்தாங்க" என்றான். வேறு யாரையாவது பார்த்திருப்பாய் என்று அவனிடம் சொன்னேன். செல்போனில் படத்தைக் காட்டினான். சுடிதாரில் உன்னை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன். நன்றாக இருக்கிறது.

முப்பது வருஷமாக "குச்சி விளையாட்டு" என்று என்னைக் கேலி செய்தவள் நீ. இனிமேல் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

போனில் பேசினால் சண்டையாகிறது, எழுதினால் பதில் போடுகிறேன் என்றாயே, அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லாம் சௌகரியம். பாப்பாயி காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள். ரசம்தான் ஒருநாள்கூட ரசமாக இல்லை. சொன்னால் அவளுக்குக் கோபம் வருகிறது, நானும் விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கிளப்பில் தம்பதிகள் ஆட்டம். ஜோடிக்கு ஒரே பந்து. ஒரு அடி நான், அடுத்த அடி நீ. நான் முள்ளுக்குள் தள்ளினால் நீ அங்கிருந்துதான் அடிக்க வேண்டும். நீ தள்ளினால் நான். தனபாலும் அவன் சம்சாரமும் பெயர் கொடுத்துவிட்டார்கள். நீ வருவாயா? ஆட்டம் முடிந்ததும் அப்படியே நம் வீட்டுக்கு வந்துவிடலாம். நீ உன் ஊருக்குப் போய் எட்டு மாசமாகப் போகிறது.

அன்புடன்,
ராமுலு

*

மேட்டுப்பாளையம்
25.8.2024

ஏனுங்க,

படத்தில் இருப்பது நான்தான். பக்கத்து வீட்டு அன்புச்செல்வி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நடக்கலாம் வா என்று மலைக்கு இழுத்துப் போனாள். போன இடத்தில் மட்டையைக் கையில் கொடுத்துவிட்டாள். முதல் ஒரு மாசம் புல்லைத்தான் வெட்டினேன். ஒருநாள் பந்து சரியாகப் பட்டது. பட்டதே கைக்குத் தெரியவில்லை, அது பாட்டுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடிவதற்கு முன்னால் எழுந்து நீங்கள் ஏன் ஓடுகிறீர்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

அது புரிந்ததால் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஞாயிறுதோறும் நீங்கள் விளையாடிவிட்டு வந்து இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்து, முதல் குழியிலிருந்து பதினெட்டாவது வரை ஒவ்வொரு அடியாகச் சொல்வீர்கள். நானும் கேட்டேன். போன ஜனவரியில், அந்தக் கட்டிக்கு எடுத்த பரிசோதனை ரிப்போர்ட்டை நான் தனியாகப் போய் வாங்கி வந்து மேஜைமேல் வைத்திருந்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் வந்திருந்தது. அதை உங்களிடம் சொல்லக் காத்திருந்தேன். நீங்கள் வந்தீர்கள், முதல் குழியில் ஆரம்பித்தீர்கள். பதினெட்டு முடிந்ததும் கை கழுவிவிட்டுத் தூங்கப் போய்விட்டீர்கள். நான் பெட்டியைக் கட்டினேன்.

ஆட்டத்துக்கு வருகிறேன். ஆனால் என் அடியைப் பற்றி ஒரு குறை சொல்லக் கூடாது. சொன்னால் நடு மைதானத்தில் மட்டையைப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவேன். வீட்டுக்கு வருவதைப் பற்றி ஆட்டம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

ரசத்துக்குப் புளியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வெங்கடலட்சுமி

*

சூலூர்
1.9.2024

அன்புள்ள லட்சுமிக்கு,

சம்மதம். ஒரு குறையும் வராது. உங்கள் ஊர்ப் பாக்கு ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன். அன்றைக்கு முழுவதும் வாயில் அடக்கிக்கொள்கிறேன், அப்புறம் எப்படிப் பேச முடியும்?

ரிப்போர்ட் விஷயத்தை நாலைந்து தரம் படித்தேன். இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?

உன்னுடைய,
ராமுலு

*

மேட்டுப்பாளையம்
24.9.2024

ஏனுங்க,

நீங்கள் சொன்ன சொல் தவறவில்லை. நாலாவது குழியில் பந்தைக் குட்டையில் போட்டேன். உங்கள் காது சிவந்தது, ஆனாலும் வாய் திறக்கவில்லை. அதற்கு நன்றி.

ஆனால் பதினொன்றாவதில் வேப்பமரத்தடியிலிருந்து ஒரு அடி அடித்தேனே. அந்த மாதிரி நான் அதுவரை அடித்ததில்லை. தனபால் சம்சாரம் கை தட்டினாள். "அக்கா, செமயா அடிச்சுப்போட்டீங்க" என்று தனபால் கத்தினார். நான் உங்களைத்தான் பார்த்தேன். நீங்கள் பாக்கை மென்றுகொண்டு பையைத் தூக்கித் தோளில் போட்டு நடந்தீர்கள். குறை சொல்ல வேண்டாம் என்றுதானே கேட்டேன்? வாயையே மூடிக்கொள்ளச் சொல்லவில்லையே? காலையிலிருந்து பக்கத்தில் நடந்தீர்கள், எனக்கோ தனியாக நடந்த மாதிரிதான் இருந்தது. ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இட்லித் தட்டுக்கு முன்னால் நான் காத்திருந்த அந்த நாள்தான் ஞாபகம் வந்தது.

அதனால்தான் உங்கள் காரில் ஏறாமல், காந்திபுரம் வரை தனபால் காரில் வந்து பஸ் பிடித்தேன். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். உங்கள் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. எனக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். ரசப்பொடி அரைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன், பாப்பாயியிடம் கொடுங்கள். பதில் எழுத வேண்டியதில்லை.

வெங்கடலட்சுமி

*

சூலூர்
28.9.2024

அன்புள்ள லட்சுமிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் படித்துவிடு.

முதல் குழியில் நான் பந்தைப் புதருக்குள் தள்ளினேன். நீ இரண்டு தரம் சும்மா வீசிப் பார்த்தாய். மூன்றாவது வீச்சில் கொடி நட்ட கிரீனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாய். மூன்றாவது குழியில் மயில் ஒன்று குறுக்கே வந்தது. அது போகும்வரை நின்றாய், மயிலிடம் ஏதோ சொன்னாய், பிறகு அடித்தாய். அது கொஞ்சம் இடப்பக்கம் போயிற்று. நாலாவதில் தண்ணீரில் விழுந்ததற்குக் காரணம் காற்று. பாலக்காட்டுப் பக்கமிருந்து சட்டென்று எழுந்தது. நான் அடித்திருந்தாலும் அங்கேதான் போயிருக்கும்.

ஏழாவதில் நான் மணலுக்குள் போட்டேன். நீ காலைப் புதைத்துக்கொண்டு கண்ணை மூடி அடித்தாய். பந்து வெளியே வந்தது, மணலெல்லாம் உன் தலையில். நீ சிரித்தாய். நீ அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

பதினொன்றில் ஏழாம் நம்பர் மட்டையை எடுத்தாய். கிளைக்குக் கீழே தாழ்வாகப் போய், மேடேறி, கொடிக்குப் பக்கத்தில் நின்றது. நான் இத்தனை வருஷத்தில் அந்த மரத்தடியிலிருந்து ஒருதரம்கூட வெளியே வந்ததில்லை. வாயைத் திறந்தால் எது வருமோ என்று பயம், லட்சுமி. நல்லதைச் சொல்ல ஆரம்பித்து, கடைசியில் தோளைக் கொஞ்சம் இறக்கியிருக்கலாம் என்று முடித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா? நீ பாதியில் போய்விடுவாய் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

பதினாறில் நம் கூடத்தின் நீளத்துக்கு உருட்டினாய். பந்து விளிம்பைச் சுற்றிக் குழிக்குள் விழுந்தது. நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பாக்கு விக்கிக்கொண்டது என்று தனபாலிடம் சொன்னேன்.

நேற்று அவன் வந்து, "நீங்க எப்படி ஆடுனீங்கண்ணா?" என்று கேட்டான். யோசித்துப் பார்த்தேன். நான் அடித்ததில் பாதி ஞாபகத்துக்கே வரவில்லை.

ராமுலு

*

மேட்டுப்பாளையம்
2.10.2024

ஏனுங்க,

பதினொன்றில் நான் எடுத்தது ஏழாம் நம்பர் இல்லை, ஆறு. மற்றதெல்லாம் நீங்கள் எழுதியபடிதான். மயிலிடம் நான் சொன்னதை நேரில் சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வாரேன். இட்லிக்கு மாவு ஆட்டி வைக்கச் சொல்லி பாப்பாயியிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் விளையாட வேண்டாம், நானும் விளையாடவில்லை. காலையில் மேஜை முன்னால் உட்காருங்கள். தம்பதிகள் ஆட்டத்தில் நீங்கள் அடித்ததெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முதல் குழியிலிருந்து சொல்கிறேன்.

உங்கள்,
லட்சுமி