விண்கப்பலுக்கு ஒட்டுப் போட்டவளுக்கு

இன்று காலை மீன் வாங்க உன் ஊர் குளச்சலுக்கு வந்திருந்தேன். ஏலம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு ஃபைபர் வள்ளத்துக்கு இரண்டு பேர் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். காற்று திரும்பியதும் ரெசின் பசையின் வாசனை மூக்கில் ஏறியது. தொண்டையைக் கமறவைக்கும் அந்த வாசனை உன் துணியில் இருக்கும், தலைமுடியில் இருக்கும், நீ எனக்குக் கொடுத்துவிடும் மீன்குழம்புத் தூக்கின் மூடியில்கூட இருக்கும். மற்றவர்களுக்கு இப்படி ஒரு வாசனை வந்தால் கண் கலங்கியிருக்கும். எனக்குக் கோபம் வந்தது. பையை உதறி மடக்கிக்கொண்டு, ஒரு சாளைகூட வாங்காமல் வீட்டுக்கு, அருமனைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இன்னும் எனக்கு அழுகை ஒழுங்காக வரவில்லை, ஏட்டி. கோபம்தான் வருகிறது. உன் மேலும்.

நான் குளச்சலில் சித்தி வீட்டில் தங்கி எட்டாம் வகுப்பு படித்த வருடம் நினைவிருக்கிறதா? அந்தத் தெருவில் உங்கள் வீட்டில்தான் கேபிள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீ முக்காட்டைக்கூட எடுக்காமல் ஓடிப்போய்த் தொலைக்காட்சி முன்னால் உட்காருவாய். தூரத்துக் கோள்களுக்கு மருந்து கொண்டுபோகும் ஒரு விண்கப்பலின் கதை. தமிழில் பேசுவார்கள், ஆனால் வாய் ஒரு பக்கம் அசைய, பேச்சு இன்னொரு பக்கம் வரும். எனக்கு அந்தக் கப்பலின் கேப்டனைப் பிடிக்கும். உயரமாக, அழகாக இருப்பான். உனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. கப்பலின் வெளிப்புறத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஓட்டை அடைக்கும் அந்தக் குண்டுப் பெண்ணைத்தான் உனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு வாரமும் அவள் ஐந்து நிமிடம்தான் வருவாள்.

"கேப்டன் சும்மா பேசுகான். இவ ஒட்டுப் போடல்லேண்ணா எல்லாவனும் செத்தான், கேட்டியா?" என்பாய்.

வள்ளங்களுக்கு ஒட்டுப் போடும் அப்பாவின் மகள் வேறு எப்படிப் பார்ப்பாய்? பாதியில் அந்தத் தொடரை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் சமையல் நிகழ்ச்சி போட்டார்கள். நான் இரண்டு நாள் வருத்தப்பட்டேன். நீ வருத்தப்படவே இல்லை. மீதிக் கதையை நீயே உண்டாக்கி, பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாய். உன் கதையில் கேப்டன் மூன்றாம் வாரமே காய்ச்சலில் விழுந்தான். ஒட்டுப் போடுகிறவள் கப்பலை ஓட்டினாள். பல வருடம் கழித்து அந்தத் தொடர் முழுவதையும் இணையத்தில் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு, குவைத்தில் நர்ஸாக இருந்த எனக்குப் போன் செய்தாய். "நான் சொன்ன கதைதான் மக்கா நல்லா இருந்தது. இவனுகளுக்கு ஒண்ணும் தெரியல்ல."

அருமனை ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து நான் ஊருக்குத் திரும்பியபோது உன் அப்பா இல்லை. வள்ளம் பழுதுபார்க்கும் பட்டறையை நீ நடத்திக்கொண்டிருந்தாய். உன் அறையைத் திறந்து காட்டினாய். சுவர் முழுக்க நீயே செய்த கப்பல்கள். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கும் ஆட்களோடு இணையத்தில், அந்தக் கப்பலுக்கு எத்தனை ஜன்னல் என்று நீ வாரக்கணக்கில் சண்டை போட்டதைச் சொல்லிச் சிரித்தாய். பிறகு, சென்னையில் வருடா வருடம் நடக்கும் ஒரு கூடுகையைப் பற்றிச் சொன்னாய். தொடர்களிலும் படங்களிலும் வருகிறவர்களைப்போல உடுத்திக்கொண்டு நூற்றுக்கணக்கான பேர் வருவார்களாம்.

"நாமளும் போவமா?" என்றாய். நாற்பத்தாறு வயதில் உன் முகம் எட்டாம் வகுப்பு முகமாக இருந்தது. எப்படி மாட்டேன் என்பது?

ஐந்து மாதம் உழைத்தாய். வலையில் கட்டும் பெரிய உருண்டை மிதவையை அச்சாக வைத்து, அதன் மேல் ஃபைபர் இழை விரிப்பும் ரெசினும் போட்டுத் தலைக்கவசம் வார்த்தாய். கடலுக்குப் போகிறவர்களின் ஆரஞ்சு மழைக்கோட்டு நான்கைப் பிரித்துத் தைத்து உடுப்பு ஆக்கினாய். மீன் இருக்கும் இடம் காட்டும் கருவி ஒன்று பழுதாகிக் கிடந்தது. அதை நெஞ்சில் பொருத்தி, உள்ளே பச்சை விளக்கு எரியவைத்தாய். ஆனால் அந்தப் பெண்ணின் உடுப்பை நீ அப்படியே செய்யவில்லை. தோளில் அவளுடைய கப்பல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'குளச்சல்' என்று எழுதினாய். எழுத்து கோணிவிட்டது என்று இரண்டு முறை அழித்து எழுதினாய்.

சென்னையில் நீ ஏறிய அந்த மேடை என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. உனக்கு முன்னால் ஏறியவர்கள் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். அவர்களுக்குக் கைதட்டல். நீ ஏறினாய். தலைக்கவசத்தைக் கழற்றியதும் உன் கறுத்த முகமும் நரைத்த முடியும் வெளியே வந்தன. மைக்கைப் பிடித்திருந்தவன் ஒரு நொடி உன்னைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"ஆன்ட்டி, வீட்ல ஸ்டவ்வ ஆஃப் பண்ணிட்டுத்தானே ராக்கெட் ஏறினீங்க?"

"ஆஃப் பண்ணியாச்சு மக்கா" என்றாய் நீ. உண்மையாகவே பதில் சொன்னாய். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் உன் பேச்சின் இழுவையை அப்படியே இழுத்து, "மக்கா... மக்கா..." என்று இரண்டு முறை சொல்லிக் காட்டினான். நீயும் சிரித்தாய். ஓட்டை அடைக்கிறவள் எப்படித் தொங்குவாள் என்று செய்துகாட்ட ஒரு மாதமாகப் பழகியிருந்தாயே, அதைச் செய்யவிடாமலே உன்னை இறக்கிவிட்டான். ரயிலில் திரும்பி வரும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீ, "கொச்சுப் பய, அவனுக்கு என்ன தெரியும்? அதுக்கு என்னத்துக்குக் கோவப்படுக?" என்று எனக்குச் சமாதானம் சொன்னாய்.

நீ ஏன் கோபப்படவில்லை? அன்றைக்கே அந்த மைக்கைப் பிடுங்கி, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது.

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. உன் பட்டறை வாசலில் பைக்கை மெதுவாக்கி, "ராக்கெட்டக்கா, ஸ்டவ் ஆஃபா?" என்று கத்திவிட்டுப் போனார்கள். உனக்கு எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை நேரமும் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

அந்த வீடியோவில் உனக்குப் பின்னால், உன் பையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நிற்பாள். என் வீட்டுக்காரரின் தங்கை போனில் கூப்பிட்டாள். "மைனி, பின்னாடி பையப் பிடிச்சிட்டு நிக்கது நீங்களா? எங்க மாமியார் கேக்காவ."

"நான் இல்ல" என்றேன்.

"அந்த அக்கா உங்க கூட்டுக்காரிதானே?"

"பள்ளிக்கூடத்துல கூடப் படிச்சா. இப்ப பழக்கம் இல்ல."

இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. அடுத்த வருடத்துக் கூடுகைக்கு நீ புது உடுப்பு தைக்கத் தொடங்கி, "இந்தத் தடவ தொங்கிக் காட்டாம எறங்க மாட்டேன், வருவியா?" என்று கேட்டபோது, ஆஸ்பத்திரியில் சோலி இருக்கிறது, லீவு கிடைக்காது என்றேன். லீவு நான் கேட்கவே இல்லை. நீ நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "சரி மக்கா, பாப்போம்" என்றாய். அந்தச் 'சரி'யில் உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் உன் மேலேயே எரிச்சல் வந்தது. தப்பு செய்தவளுக்கு அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

அந்த எரிச்சலோடுதான் உன் கடைசிப் போனை எடுத்தேன்.

"ஏட்டி, எடது கை ஒரு மாதிரி வலிக்கி. தோள்ல இருந்து எறங்குகு. ஹெல்மெட்டத் தேச்சித் தேச்சி வந்ததாக்கும், இல்லியா?"

இருபத்திரண்டு வருட நர்ஸ் நான். இடது கை, தோளிலிருந்து இறங்கும் வலி, நாற்பத்தேழு வயது. முன்பின் தெரியாத ஒருத்தி வந்து சொல்லியிருந்தால் நாற்காலியில் உட்காரக்கூட விடாமல் படுக்கவைத்து ஈசிஜி எடுத்திருப்பேன்.

"அந்தக் கோமாளி வேஷத்த விட்டுட்டுச் சும்மா இரி. வலி தானே போவும்" என்றேன்.

நீ சிரித்தாய். மூன்றாம் நாள் மத்தியானம், கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தில் சாய்ந்தபடியே நீ உட்கார்ந்துவிட்டதாக உன் பட்டறையில் வேலை செய்கிறவர் போன் செய்தார். நான் வந்து சேர்ந்தபோது உன் கை குளிர்ந்திருந்தது.

நீ போன நான்காம் நாள், உன்னைக் கேலி செய்து வீடியோ போட்ட அதே இணையப் பக்கத்தில் அதே வீடியோவை மறுபடி போட்டு, மேலே 'லெஜண்ட்' என்று எழுதி, கும்பிடும் கைகள் இரண்டு வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான பேர் அழும் முகம் போட்டிருந்தார்கள். நான் போனைச் சுவரில் எறிந்தேன். கண்ணாடி விரிசல் விட்டது. அந்த விரிசலோடுதான் இன்னும் வைத்திருக்கிறேன்.

உன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தேன். பூசை முடிந்து பட்டறைக்குப் போனால், பின்பக்கம் உன் அண்ணன் உன் உடுப்பையும் தலைக்கவசத்தையும் காய்ந்த ஓலையோடு சேர்த்துக் குவித்து வைத்திருந்தார். கையில் தீப்பெட்டி.

"அத வையுங்க அண்ணே."

"நீ போ பிள்ளே. செத்தவளையும் ஊரு சிரிக்கணுமாக்கும்?"

"அது அவ செஞ்சது. தீ வச்சீங்கண்ணா நான் இதுக்குள்ளயே ஏறி நிப்பேன்."

அவர் என்னை அடிக்க வருவதுபோல வந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார். "அவ சிரிச்சா, கேட்டியா? எல்லாவனும் சிரிக்கும்போ அவளும் சிரிச்சா. எனக்கு அது முடியல்ல. ஏலம் போடுக எடத்துல ஒருத்தன் சொன்னான், அவனுக்க பல்ல ஒடச்சேன். அவளுக்குத் தெரியாது" என்றார். சொல்லிக்கொண்டே ஓலைமேல் உட்கார்ந்து அழுதார். உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை என்று அந்த மனிதரை இத்தனை மாதமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பல்லை உடைக்கும் அளவுக்காவது உனக்காகக் கோபப்பட்டவர் அவர். நான் 'நான் இல்லை' என்று சொன்னவள்.

உடுப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று மாதம் கழித்துச் சென்னைக்குப் போனேன், அதை உடுத்திக்கொண்டு. நீ நெட்டை, நான் குட்டை. கால்சட்டையை நான்கு மடிப்பு மடித்தேன். தலைக்கவசம் மூக்குவரை இறங்கியது. ரயிலில் போகும்போது அவனிடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அதே ஆள்தான் மைக்கோடு நின்றான். மேடைக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்தேன்.

"போன வருஷம் இந்த உடுப்போட ஒருத்தி வந்தா. ஸ்டவ்வ ஆஃப் பண்ணியான்னு கேட்ட. ஞாபகம் இருக்கா?"

அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "சாரி ஆன்ட்டி, நெறைய பேர் வருவாங்க. அவங்க இந்த வருஷம் வரலையா?"

"செத்துட்டா."

"ஐயோ" என்றான். அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டான். மனப்பாடம் செய்ததெல்லாம் என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. ஊரே சொல்லிச் சொல்லி உன்னை மாதக்கணக்கில் கேலி செய்த ஒரு சொல்லை, அவன் அன்றைக்குச் சாயங்காலமே மறந்திருக்கிறான். அவனை வெறுக்கக்கூட அவன் எனக்கு இடம் தரவில்லை.

மேடையேறுகிறவர்களின் பெயரைக் கேட்டார்கள். உன் பெயரைக் கொடுத்தேன். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஏறினேன். ஓட்டை அடைக்கிறவள் எப்படித் தொங்குவாள் என்று, உன் அறையில் நீ செய்துகாட்டியதை நினைத்து நினைத்து, ஒரு காலைத் தூக்கிக் கையை நீட்டிச் செய்தேன். சரியாக வரவில்லை. நீ செய்தால் எடையே இல்லாதவள்போல இருக்கும். நான் செய்தது இடுப்பு பிடித்தவள்போல இருந்திருக்கும். யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரித்த திசையைப் பார்த்துக்கொண்டு, முழுவதையும் செய்து முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். ஊருக்கு வந்ததும், மேடையில் எடுத்த என் படத்தை என் வீட்டுக்காரரின் தங்கைக்கு நானே அனுப்பினேன். 'இது நான்தான். போன வருஷம் பை பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான்' என்று எழுதினேன். அவள் பதில் போடவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்லி என்ன பயன்?

உன்னால் எனக்கு வந்த ஒரு வழக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது எந்தப் பெண் வந்து கைவலி என்று வாயைத் திறந்தாலும், டாக்டர் வருவதற்குள் ஈசிஜி எடுத்துவிடுகிறேன். டாக்டருக்கு எரிச்சல். எனக்குக் கவலை இல்லை. முந்தாநாள், ரப்பர் பால் வெட்டும் ஒரு பெண் வந்தாள். பிள்ளையின் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தவள், தன் தோளைத் தடவிக்கொண்டே நின்றாள். அவ்வளவுதான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன்.

"ரப்பர் வெட்டி வெட்டி வலிக்குகு, வேற ஒண்ணுமில்ல. என்னத்துக்கு இதெல்லாம்? எனக்குப் போணும்."

"வாயப் பொத்திட்டுக் கெட" என்று அதட்டினேன். அவள் பயந்துபோய்ப் படுத்தாள்.

ஈசிஜி சரியாக இருந்தது. ஒரு குறையும் இல்லை. அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு, "கோட்டி பிடிச்ச நர்ஸ், மனுசர விடமாட்டா" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி என்னைத் திட்டிக்கொண்டே படியிறங்கினாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் திட்டியிருப்பாள். சத்தம் தேய்கிறவரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உன்னிடமிருந்தும் இப்படி ஒரு திட்டு வாங்கியிருக்கலாம், ஏட்டி.