பேருந்தின் முதுகில் என் கணவர்

அனுப்புநர்:
கிளெனிஸ் புரோசர்,
பள்ளிச் சமையற்கூடப் பணியாளர் (ஓய்வு),
17, பேங்க் தெரு,
கும்டெர்வன், தெற்கு வேல்ஸ்.

பெறுநர்:
தலைமை நிர்வாக அலுவலர் அவர்கள்,
நகராட்சி மன்ற அலுவலகம்,
கும்டெர்வன்.

பொருள்: குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு அரசு செலவில் பாய்லர் மாற்றித் தரும் திட்டம் – அதன் விளம்பரத்தில் என் கணவர் எம்லின் புரோசரின் படம் அவர் அறியாமல் வெளியிடப்பட்டது – அதை அகற்றக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் காரியத்துக்காகச் சொன்னதுபோல் ஆகிவிடும். சென்ற இலையுதிர் காலத்தில் தங்கள் மன்றத்தின் உதவியால் எங்கள் வீட்டில் புதிய பாய்லர் பொருத்தப்பட்டது. நல்ல பாய்லர். பொருத்த வந்த இருவரும் காலணிக்கு மேல் உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள், போகும்போது தரையைத் துடைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள்மீது எனக்கு எள்ளளவும் குறையில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. கொடுத்தவர்களைப் பற்றியே புகார் எழுத நேர்ந்ததில் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

2. என் கணவர் எம்லின் இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கம் மூடிய பிறகு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இப்போது நுரையீரல் பழுதாகிவிட்டது, மாடிப்படி ஏறினால் நடுவில் ஒருமுறை உட்கார வேண்டும். ஆனாலும் ஊரின் ஆண்கள் பாடற்குழுவில் கனத்த குரல் அவருடையதுதான். கச்சேரி நாளில் கோட்டுக்கு இஸ்திரி போடும் வேலையை அவர் என்னிடம்கூடத் தரமாட்டார்.

3. எங்கள் பழைய பாய்லர் அதற்கு முந்தைய ஆண்டின் முதல் உறைபனியிலேயே நின்றுபோனது. பாய்லர் நின்றால் குழாயில் வெந்நீரும் இல்லை, அறைகளில் சூடும் இல்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் சமையலறையில் ரொட்டி சுடும் அடுப்பை எரியவிட்டு, கதவைத் திறந்து வைத்து, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கதவைத் தட்டினால், வீட்டுக்குள் கோட்டும் தொப்பியுமாக இருப்பதற்குக் காரணம் வேண்டுமே, "இப்பதான் வெளிய கிளம்பிட்டு இருந்தோம்" என்று சொல்வோம். எங்கள் தெருவினர் எங்களைப் பெரிய ஊர்சுற்றிகள் என்று நினைத்திருப்பார்கள்.

4. மருத்துவமனைச் செவிலியர்தான் இந்தத் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். எம்லின் ஒத்துக்கொள்ளவில்லை. "அது இல்லாதவங்களுக்குக் குடுக்கறது. நாம என்ன இல்லாதவங்களா?" என்று கேட்டார். அவர் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுநாள் காலையில் தேநீர் குடிக்கும்போது, கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எழுதிப் போட்ரு" என்றார். நாங்கள் இல்லாதவர்கள் என்பதை எங்கள் வீட்டில் வாய்விட்டுப் பேசியது அவ்வளவுதான்.

5. ஒப்பந்த நிறுவனத்திலிருந்து வீட்டைப் பார்வையிட ஓர் இளம்பெண் வந்தார். மரியாதையான பெண். பழைய பாய்லரையும் சுவரில் பூத்திருந்த பூஞ்சையையும் கோப்புக்காகப் படம் எடுக்க வேண்டும் என்றார், சரி என்றேன். அன்று எம்லின் இரவெல்லாம் இருமிவிட்டு, அப்போதுதான் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தபடியே உறங்கிப்போயிருந்தார். மேலே கோட்டு, மடியில் போர்வை, வாய் திறந்திருந்தது. அவருடைய பல்செட் மேசையில் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் இருந்தது. நான் அவரை எழுப்பப் போனேன். "பாவம், தூங்கட்டும் விடுங்கம்மா" என்றார் அந்தப் பெண். அதை அன்பு என்றே எடுத்துக்கொண்டேன். இப்போதும் அது அன்பில்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தேநீர் போடத் திரும்பினேன். அந்த நேரத்தில் அவருடைய கேமரா எந்தப் பக்கம் திரும்பியது என்பதை நான் பார்க்கவில்லை. எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

6. புத்தாண்டு கழிந்து ஒரு நாள் கடைவீதி நிறுத்தத்தில் நின்றிருந்தேன். மருத்துவமனைக்குப் போகும் பேருந்து என்னைக் கடந்து போனது. அதன் பின்புறம் முழுவதும் என் கணவர். பல்லில்லாத வாய், கலைந்த தலை, குவளைக்குள் பல்செட், பக்கத்தில் திறந்து கிடக்கும் அடுப்பு. கீழே கொட்டை எழுத்தில், "இனி இவர் நடுங்க வேண்டியதில்லை. உங்களுக்கும் உதவி உண்டு." ஐயா, ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்த நொடியில் நான் அவருக்காக வருந்தவில்லை. அடுப்புக் கதவில் எண்ணெய்க் கறை தெரிகிறதே, துடைக்காமல் விட்டுவிட்டேனே என்றுதான் கூசினேன். அவர் முகம் என் நினைவுக்கு வந்தது பேருந்து திருப்பத்தில் மறைந்த பிறகுதான். அன்று நான் வேண்டியதை வாங்காமலே வீடு திரும்பினேன். அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

7. நான் சொல்லாவிட்டால் ஊர் சொல்லாதா? மாலையில் ஆண்கள் கூடும் ரக்பி கிளப்பில் அவருடைய பழைய சுரங்கத் தோழர் ஹெய்டன், எல்லார் முன்னிலையிலும், "ஏய் எம்லின், வாயப் பொளந்துகிட்டு பஸ்ஸுக்குப் பின்னாடி தொங்கிட்டுப் போறியே, டிக்கெட் எடுத்தியா இல்லியா?" என்று கேட்டிருக்கிறார். ஹெய்டன் கெட்டவர் அல்ல. எம்லின் மருத்துவமனையில் கிடந்தபோதெல்லாம் முதலில் வந்து பார்த்தவர் அவர்தான். கிளப்பே சிரித்தது, என் கணவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து என்னிடம் அந்த வேடிக்கையை அதே சொற்களில் சொல்லி இன்னொரு முறை சிரித்தார். பிறகு படுக்கப் போனார். அன்று பல்செட்டைக் கழற்றவில்லை. அன்றிலிருந்து உறக்கத்திலும் கழற்றுவதில்லை. ஈறு புண்ணாகிவிட்டது. பாடற்குழுவுக்கும் போவதில்லை, கேட்டால் தொண்டை சரியில்லை என்கிறார்.

8. அந்த வாரமே அவர் பாய்லரை நிறுத்திவிட்டார். "என் மூஞ்சி அந்த பஸ்ல இருக்கற வரைக்கும் இது இந்த வீட்ல எரிய வேணாம், கிளெனிஸ்" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து ஒருநாள் போட்டுவிட்டேன். எழுந்தவர் சூட்டை உணர்ந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு, கொல்லையிலுள்ள தோட்டக் கொட்டகையில் போய்க் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டார். வெளியே ஆலங்கட்டி பெய்துகொண்டிருந்தது. நான் பாய்லரை அணைத்துவிட்டுப் போய் அவரைக் கூப்பிட்டேன். அதன்பின் இருவரும் பழையபடி அடுப்பின் முன்னால் உட்கார்ந்தோம். தலைக்கு மேல் சுவரில் தாங்கள் கொடுத்த புத்தம் புதிய பாய்லர்.

9. மார்புச்சளி முற்றி, சென்ற வாரம் அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. "வீடு ரொம்பக் குளிரா இருக்குமா? நம்ம ஊர்ல பாய்லர் மாத்திக் குடுக்கற திட்டம் ஒண்ணு இருக்கே, தெரியுமா?" என்று அங்குள்ள மருத்துவர் பரிவோடு கேட்டார். தெரியாது என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்வேன்? அந்தப் பேருந்து நாங்கள் பேசிய அறையின் சன்னலுக்குக் கீழேதான் வந்து நிற்கிறது.

10. அதற்கு முன்பே தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் முறையிட்டேன். பேசியவர் பொறுமையாகவே பேசினார். "அதுல பேரே போடலியேம்மா, யாருன்னு யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். ஐயா, கும்டெர்வனில் ஒருவர் புதுத் தொப்பி வாங்கினால் மறுநாள் அது எந்தக் கடை என்று ஊருக்குத் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பலர் உதவி கேட்டு வருகிறார்கள் என்றும், விளம்பர ஒப்பந்தம் கோடை வரை இருக்கிறது என்றும் சொன்னார். நான் மேலும் கேட்டபோது, "பாய்லர் உங்களுக்கு வேணாம்னா சொல்லிருங்கம்மா, காத்திருக்கவங்க நிறைய பேரு இருக்காங்க" என்றார். அவர் மிரட்டினார் என்று நான் எழுதவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டேன். எதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

11. பலர் வருகிறார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். வராமல் போனவர் ஒருவரைப் பற்றி நான் சொல்ல வேண்டும். எங்கள் எதிர்வீட்டில் டெலித் என்ற இளம்பெண் இரண்டு பிள்ளைகளுடன் தனியாக இருக்கிறாள். அவள் வீட்டுப் பாய்லர் நின்று வெகுநாளாயிற்று. அவளுக்கு விண்ணப்பத்தை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அது என்னவாயிற்று என்று கேட்டபோது, குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். "வேணாம் ஆன்ட்டி. பிள்ளைங்க அந்த பஸ்லதான் ஸ்கூலுக்குப் போகுதுங்க" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து அவளே கூசிப்போய், "உங்கள ஒண்ணும் சொல்லல ஆன்ட்டி" என்றாள்.

12. நான் நெடுங்காலம் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு பரிமாறியவள். ஆரம்ப நாட்களில் காசு கொடுத்த பிள்ளைக்கு வெள்ளைச் சீட்டு, இலவசப் பிள்ளைக்கு மஞ்சள் சீட்டு. மஞ்சள் சீட்டுக்காரர்கள் வரிசையில் கடைசியாகத்தான் வருவார்கள், சீட்டு யார் கண்ணிலும் படக்கூடாது என்று. அதற்குள் உருளைக்கிழங்கு ஆறிப்போயிருக்கும். சிலர் பசியில்லை என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். சமையற்காரிகள் நாங்கள் ஒன்றுகூடித் தலைமையாசிரியரிடம் போய் நின்றோம். எல்லாச் சீட்டும் ஒரே நிறமாயிற்று. அடுத்த வாரமே அந்தப் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். உதவி தேவைப்படுகிறவர்கள் எங்களூரில் எப்போதும் உண்டு. அதை வாங்கக் கை நீட்டும்போது ஊர் பார்க்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அவர்கள் வருவதும் வராமல் போவதும். இது தங்களுக்குத் தெரியாததல்ல. பரிமாறும் மேசைக்குப் பின்னால் நின்ற பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

13. இன்னொன்றையும் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். எம்லின் மருத்துவமனையில் இருக்கும் இந்த நாட்களில் நான் பாய்லரைப் போட்டிருக்கிறேன். டெலித்தின் பிள்ளைகள் பள்ளி விட்டதும் எங்கள் சமையலறைக்கு வந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள், இருட்டும் வரை இருந்துவிட்டு, குளித்துவிட்டுப் போகிறார்கள். ஒரு வீட்டுக்குக் கொடுத்த சூட்டை இன்னொரு வீட்டுக்காரர் அனுபவிப்பது திட்டத்தின் விதிக்கு முரண் என்றால், பிழை என்னுடையது, பிள்ளைகளுடையது அல்ல. நேற்று இதை எம்லினிடம் பயந்துகொண்டே சொன்னேன். "சின்னவன் கணக்கு போடறானா?" என்று கேட்டார். போடுகிறான் என்றேன். "அப்ப எரியட்டும்" என்றார். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றும் சொன்னார்.

14. ஆகவே ஐயா, நான் கேட்பது பெரிதல்ல. பேருந்திலும், நூலகத்திலும், மருத்துவமனை வரவேற்பறையிலும் உள்ள அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுத்துவிட்டோம் என்று என் கணவர் பெயருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். என் பெயருக்கு வேண்டாம், அவர் பெயருக்கு. டெலித் வீட்டுக்கு யாரையாவது அனுப்பும்போது கேமரா இல்லாமல் அனுப்புங்கள், அல்லது எதற்காக என்று சொல்லி, அவள் வாயால் சரி என்று கேட்ட பிறகு எடுக்கச் சொல்லுங்கள். விளம்பரத்துக்கு ஒரு முகம் இல்லாமல் முடியாது என்றால் என் முகத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். முன்கூட்டிச் சொன்னால் தலைவாரி, நல்ல உடுப்பு உடுத்தி, பாய்லருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். கீழே கிளெனிஸ் புரோசர், பேங்க் தெரு என்று முழுப் பெயரும் இருக்கட்டும். எனக்கு வெட்கம் இல்லை என்று சொல்ல வரவில்லை. கேட்டு எடுத்த படம் என்றால் என்னால் தாங்கிக்கொள்ள முடியும்.

15. வியாழக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்புவதாக மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்குக் கார் இல்லை. அங்கிருந்து எங்கள் தெருவுக்கு வருவது அந்த ஒரு பேருந்துதான். முன்வாசல் வழியாக அவரைக் கைப்பிடித்து ஏற்றி உட்காரவைக்க என்னால் முடியும். இறங்கிய பிறகு அது எங்களைத் தாண்டிப் போகுமே, அப்போது அவர் கண்ணை நான் எதைக்கொண்டு மறைப்பது என்றுதான் தெரியவில்லை. வீட்டைச் சூடாக வைத்துவிட்டுத்தான் அவரை அழைக்கப் போவேன். அவர் உள்ளே வந்து உட்காருவாரா, கொல்லைக் கொட்டகைக்குப் போவாரா என்பது வியாழனுக்குள் தாங்கள் செய்வதில் இருக்கிறது.

தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு வருந்தி,
தங்கள் மன்றத்துக்கு என்றும் கடமைப்பட்டுள்ள,

கிளெனிஸ் புரோசர்
(ஒப்பம்)

இடம்: கும்டெர்வன்
நாள்: 11 பிப்ரவரி 2025