வாப்பாவின் குரலுக்கு லைசன்

திகன,
2018 ஜனவரி 9

அன்பு மகன் அஸீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இது என் கையெழுத்து. யாரும் எழுதித் தரவில்லை. அறுபத்தெட்டு வயதில் முதல் கடிதம், மூன்று நாள் எடுத்தது.

நீ செய்த 'சொல்லு' தான் எனக்கு வாத்தியார். போனில் சொல்லைத் தொட்டால் அது என் குரலிலேயே பேசுகிறது. நீ லீவில் வந்தபோது என் காதுக்குள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாய், நான் உரத்துச் சொன்னேன், நீ பதிந்துகொண்டாய். அதே குரல். என்னிடம் நானே படிக்கிறேன் என்று உன் மாமி றலியா சிரிக்கிறாள். அவளுக்கும் வாசிக்கத் தெரியாது, அவள் போனுக்கு வருகிற மெசேஜ் எல்லாம் இப்போது நான்தான் வாசிக்கிறேன்.

ஊர் சரியில்லை, முஸ்லிம் கடைகளாகப் பார்த்து அடிக்கிறார்கள். போன கிழமை றலியாவின் துணிக்கடைக்குக் கல்லடித்தார்கள். கண்ணாடி வெட்டி நெற்றியில் ஆறு தையல். பேக்கரி ஜவாஹிரைச் சந்தியில் வைத்து இரும்புக் கம்பியால் அடித்தார்கள். முழங்கை எலும்பு வெளியே வந்துவிட்டது.

உன் கூட்டாளி விவேகானந்தன் கண்டியிலிருந்து வந்தான். மண்சரிவு என்றால் ஊருக்கு மெசேஜ் அனுப்புமே அவனுடைய 'காவல்', அதை ஒரு போன் கம்பனி எடுத்து ஓட்டுகிறதாம். அடிக்க ஆட்கள் வந்தாலும் அனுப்புமாம். "வாப்பா, வாசிக்கத் தெரியாத ஆக்களுக்கு அது பேச வேணும். மற்றதெல்லாம் நான் எழுதிப்போடுவன். புதுசாக் குரல் பதிய மாசக்கணக்காகும், 'சொல்லு'வில இருக்கிற உங்கட குரல் கிடைச்சால் ஒரு நாள் வேலை" என்றான். "அது மகன்ட சாமான், அவனைக் கேளு" என்றேன். கேட்டானாம். லைசன் ஒத்துவராது என்று நீ மறுத்தாயாம்.

லைசன் லொறிக்குத்தானே, மகன்? விளங்கும்படி எழுது. பெரிய எழுத்தில் எழுது.

உன் வாப்பா

~

தோஹா,
2018 பெப்ரவரி 4

அன்புள்ள வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை அறைக்காரர் எல்லோருக்கும் காட்டினேன்.

லைசன் என்பது நிபந்தனை. 'சொல்லு'வை யாரும் சும்மா எடுக்கலாம், திருத்தலாம். ஆனால் வேறொன்றோடு சேர்த்து ஊருக்குக் கொடுத்தால், சேர்ந்த முழுவதும் உள்ளே எப்படி எழுதப்பட்டது என்று இதே மாதிரித் திறந்து காட்ட வேண்டும். விவேகாவின் நிபந்தனை வேறு: எடு, சேர், பூட்டிவை, கேள்வி இல்லை. அவனுடையது எனக்குள் வரலாம். என்னுடையது அவனுக்குள் போக முடியாது. கம்பனி 'காவல்' மேல் தன் பூட்டைப் போட்டுவிட்டது, திறக்காது.

ஏன் பிடிவாதம் என்பீர்கள். யுத்த நேரம் நானும் அவனும் பெயர் தேடும் ஒரு புரோகிராம் எழுதினோம், காணாமற்போனவர்களை ஆஸ்பத்திரிப் பட்டியல்களில் தேட. எடுத்தவன் என்னவும் செய்யலாம் என்று விட்டோம். யாரோ எடுத்துப் பூட்டி விற்றார்கள். அது செக்பொயின்டில் போய் உட்கார்ந்தது. விவேகாவின் அண்ணன் திருச்செல்வத்தைப் பெயர் ஒத்துப்போகிறது என்று பஸ்ஸிலிருந்து இழுத்தார்கள். மூன்றாம் நாள் முன்பல் ஒன்றும் இல்லாமல், நகங்கள் இல்லாமல் வந்தார். எந்தப் பெயரை எதோடு ஒத்துப் பார்த்தது என்று, எழுதிய எங்களாலேயே பார்க்க முடியவில்லை. விவேகா அதை மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை.

இன்னொன்று. 'சொல்லு'வில் பலர் பங்கு போட்டிருக்கிறார்கள். அவரவர் போட்டது அவரவருக்கே சொந்தம். தன் பங்கை வேறு லைசனில் வேறு ஒருவருக்குக் கொடுக்கவும் அவரவருக்கு உரிமை உண்டு. என் பங்கை நான் கொடுக்கமாட்டேன்.

மாமியை மடவளையில் மகள் ஹிதாயா வீட்டில் போய் இருக்கச் சொல்லுங்கள்.

அன்பு மகன்
அஸீம்

~

திகன,
2018 பெப்ரவரி 20

அன்பு மகனுக்கு,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. நாலு பக்கம். ஒரு நாளைக்கு நாலு வரி வாசிக்கிறேன். "மாமா, தாங்க, அஞ்சு நிமிஷத்துல வாசிச்சுடுறேன்" என்று ஹிதாயா கை நீட்டினாள். விடவில்லை. என் பெயருக்கு வந்த முதல் கடிதம். 'நிபந்தனை' என்ற சொல்லுக்கே ஒரு பின்னேரம் போனது. அவ்வளவு சந்தோசம்.

ஹிதாயா தன் வீட்டுக்குக் கூப்பிட்டும் றலியா கடையை விட்டு வரமாட்டாளாம். "நானா, கல்லுக்குப் பயந்தா சீலை விக்க ஏலாது" என்கிறாள். நேற்று அவள் கதவில் மாட்டு இரத்தம் ஊற்றியிருந்தார்கள். கழுவிவிட்டுக் கடையைத் திறந்தாள்.

உன் வாப்பா

~

திகன,
2018 மார்ச் 24

அஸீமுக்கு,

ஊரடங்கில் தபால் ஓடவில்லை. ஹிதாயா போனில் அழுதது போதாது. மற்றதை நான் எழுத வேண்டும்.

ஐந்தாம் தேதி திங்கட்கிழமை பகல் வந்தார்கள். பொல்லு, வாள், பெற்றோல் போத்தல். றலியா கடைக்கு மேல் அறையில் தனியே இருந்தாள். அதற்கு முந்தி ஹிதாயாவுக்கு போன் எடுத்து, "கம்பனிக்காரன் என்னமோ மெசேஜ் அனுப்பியிருக்கான், நானா வந்தா வாசிப்பாரு" என்றாளாம். கடைச் சீலைகள் பிடித்துப் படி எரிந்தது. ஜன்னலால் குதித்தாள். இடுப்பு முறிந்து கிடந்தவளைப் பொல்லால் அடித்தார்கள். நான் ஓடிப்போனபோது ஒரு கண் இல்லை. புதன்கிழமை சுபஹுக்கு மௌத்தானாள்.

அவளுடைய போனில் அந்த மெசேஜை வாசித்தேன். "சனம் வருகிறது. உடனே பள்ளிவாசலுக்குப் பின்பக்கம் போங்கள்." வந்த நேரம் ஒன்று நாற்பது. குதித்தது இரண்டரைக்குப் பிறகு.

ஜனாஸாவை அடக்கி முடிந்த பிறகு உன் கடிதத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் நின்றிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: அவரவர் போட்டது அவரவருக்கே சொந்தம்.

விவேகாவுக்கு போன் எடுத்து, குரல் யாருடையது என்று கேட்டேன். "உங்கட தான், வாப்பா. ஆனா நீங்கள் மகனைக் கேள் எண்டனீங்கள். அதுக்கு மேல கேக்க எனக்கு வாய் வரேல்ல" என்றான்.

ஒரு தாளில் எழுதினேன். "என் குரலை விவேகானந்தனின் காவலுக்குத் தருகிறேன். யார் பூட்டினாலும் சரி. முஹ்ஸின்." ஒரு நாளில் சேர்த்து முடித்தான். போன வெள்ளி பின்னேரம் பெற்றோலோடு இரண்டு வேன் வந்தபோது எங்கள் பாதையில் எல்லார் போனும் என் குரலில் பேசியது. நான்கு வீடு எரிந்தது. உள்ளே ஆள் இல்லை.

உன் பயம் பொய் இல்லை. திருச்செல்வத்தின் வாயை நானும் பார்த்தேன். 'சொல்லு'விலிருந்து என் குரலை எடு என்று சொல்லமாட்டேன். அங்கே உன் லைசனில் இருக்கட்டும். நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்கு டிக்கெட் போட்டிருப்பதாகச் சொன்னாய். வர வேண்டாம். ஹிதாயா மூன்றாம் பக்கத்தை வாசித்துவிட்டாள்.

பதினைந்து நாள் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பெருமைக்காக ஒருவரிடமும் கொடுக்காமல் இருந்தேன். அது என் குற்றம். அல்லாஹ்விடம் அதற்கு நான் பதில் சொல்வேன். ஆனால் குரல் என்னுடையது என்று நான் வாசித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உனக்கு முதல் நாளே தெரியும்.

முஹ்ஸின்